பனங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வடிசாலை

கோவாவில் ஒரு சிறிய ஃபெனி வடிசாலையில் வேதியியலாளராக வேலை பார்க்கிறேன். பிறந்தது உடன்குடிக்குப் பக்கத்தில். அப்பா பனையேறி. அம்மா விடிலிக் குடிசையில் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர். இது தெரிந்தவர்கள் மூலம் என் எண் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்து, கோடை நெருங்கினால் போன் வர ஆரம்பித்துவிடும். கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேசுவார்கள், சில சமயம் சிங்கப்பூரிலிருந்தும். பெரும்பாலும் இளைஞர்கள், ஓரளவு சேமிப்பு வைத்திருப்பவர்கள். ஊரில் விளையும் பொருளை வைத்துச் சிறியதாக ஒரு சாராய ஆலை தொடங்க வேண்டும் என்பார்கள். செம்புக் கொதிகலன் எங்கே வாங்கலாம், பாட்டில் எங்கே மலிவு, எத்தனை லட்சம் ஆகும் என்பவைதான் முதல் கேள்விகள்.

நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வடிக்கப்போகும் பொருள் எத்தனை மணி நேரம் கெடாமல் தாங்கும்?

பலருக்கு இந்தக் கேள்வி ஏன் என்று புரிவதில்லை. ஆனால் ஆலை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும், யாருடையதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. கரும்பாலையிலிருந்து வரும் கழிவுப் பாகு மாதக்கணக்கில் தொட்டியில் கிடக்கும். உடைந்த அரிசியும் சோளமும் மூட்டையில் கிடக்கும். லாரியில் ஏற்றி எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். அதனால்தான் அவற்றை வடிப்பவை பெரிய ஆலைகளாக இருக்கின்றன. அவற்றோடு சிறு முதலாளி விலையில் போட்டி போடவே முடியாது. முந்திரிப் பழம் அப்படிப்பட்டதில்லை. பனஞ்சாறும் அப்படிப்பட்டதில்லை.

கோவாவின் சத்தரி, காணகோண் மலைப்பக்கங்களில் முந்திரிப் பழத்தை மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள். தானாகப் பழுத்து விழுந்ததைப் பொறுக்குவார்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டால் பழம் அன்றைக்கே மிதிபட வேண்டும். இல்லையென்றால் புளித்து, பூஞ்சை பிடித்துவிடும். மிதிப்பதற்குப் பாறையிலோ சிமெண்டிலோ ஒரு தொட்டி இருக்கும், கோல்மி என்பார்கள். மிதித்த சக்கையைக் குவித்துக் கொடி சுற்றிக் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றி வைத்தால் இரவெல்லாம் சொட்டுவது நீரோ. கோடையில் அதை அப்படியே குடிப்பார்கள். மிதித்து எடுத்த சாறு இரண்டு மூன்று நாள் நுரைக்கும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் பானையிலும் இருக்கும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்துவிடும். பிறகு செம்புப் பானையில் ஏற்றி விறகு வைத்தால் முதலில் வடிவது உர்ராக். அதில் சாராயம் 15 சதவீத அளவில் இருக்கும். அந்த உர்ராக்கோடு இன்னும் கொஞ்சம் சாறு சேர்த்து மறுபடி வடித்தால் 42 சதவீதத்துக்கு மேல் வருகிறதே, அதுதான் ஃபெனி.

எங்கள் உலையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு முதியவர். வடிந்ததை ஒரு சிரட்டையில் பிடித்து, உயரத்திலிருந்து இன்னொரு சிரட்டையில் ஊற்றுவார். எழும் முத்து நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து வீரியத்தைச் சொல்வார். நான் சாராய மானியை மிதக்கவிட்டுப் பார்த்தால் அநேகமாக அதே அளவுதான் காட்டும். முதலில் வரும் வடியில் நகப்பூச்சு வாடை அடிக்கும். அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் அதில்தான் அதிகம். அதை அவர் தனியே எடுத்து ஒதுக்கிவிடுவார். கடைசியில் வருவது கனத்து, ஈரச்சாக்கு வாடையோடு இருக்கும், அதையும் பிரித்துவிடுவார். நடுவில் வருவதுதான் விற்பனைக்கு. எங்கே வெட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும். அதைத் தானியங்கி எந்திரம் வாங்கிப் பெற முடியாது. அந்த முதியவரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றால்தான் வரும்.

போனில் பேசும் இளைஞர்களில் பாதிப் பேர் ஜின் செய்யத்தான் ஆசைப்படுகிறார்கள். 2017-க்குப் பிறகு கோவாவில் எழுந்த ஜின் அலையைப் பார்த்து வந்த ஆசை அது. அந்த அலையில் நல்ல சரக்கும் வந்தது, இந்திய மதுவுக்கு வெளிநாட்டில் ஒரு மதிப்பும் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜின் செய்கிறவர்களில் பலர், பெரிய ஆலைகள் வடித்த மணமற்ற எரிசாராயத்தை டேங்கரில் வாங்கி, அதில் ஜூனிப்பர், மல்லி விதை, எலுமிச்சைத் தோல் போன்றவற்றைப் போட்டு மறுபடி வடிக்கிறார்கள். உலகெங்கும் ஜின் அப்படித்தான் செய்யப்படுகிறது. அதில் குற்றம் எதுவும் இல்லை. என் கேள்வி வேறு. மணத்துக்கு மட்டும் ஒரு கைப்பிடி ஊர்ப்பொருள், சாராயம் முழுவதும் வெளியிலிருந்து என்றால் ஊர் விவசாயிக்கு அதில் என்ன கிடைக்கிறது? பாட்டிலில் மலைக்காட்டின் படம் இருக்கும். பணம் எரிசாராய ஆலைக்குப் போகும். ஊர்ப்பொருள் வடிசாலை என்று ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், அதில் இருக்கும் சாராயமே ஊர்ப்பொருளின் சர்க்கரையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் தக்காணப் பீடபூமியில் வேலியோரமாகத் தானாக வளர்ந்து கிடக்கும் ஆனைக்கற்றாழையை வைத்து, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஓர் ஆலை நிறுவி, மெக்சிகோவின் டக்கீலா வகைச் சாராயத்தை இந்தியாவில் வடித்தார். நம் எல்லையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். பிறகு இலுப்பை இனத்தைச் சேர்ந்த மஹுவாப் பூவிலிருந்தும் வடித்தார். மஹுவாவை நாட்டு மக்கள் எடுக்கவும் வடிக்கவும் கூடாது என்று பம்பாய் மாகாணத்தில் ஆங்கிலேயர் 1892-இல் சட்டமே போட்டார்கள். அதே பூவிலிருந்து பழங்குடியினரின் சுய உதவிக் குழுக்களே வடித்து விற்க மத்தியப் பிரதேச அரசு இப்போது வழி செய்திருக்கிறது. அலிராஜ்பூரிலும் திண்டோரியிலும் அந்த வேலை நடக்கிறது. உரிமம் பழங்குடியினருக்கு மட்டும் என்று அந்தக் கொள்கை வரையறுத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோவா அரசும் ஃபெனிக்கு மரியாதை செய்திருக்கிறது. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழை வழங்கிய அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 2016-இல் ஃபெனியை மாநிலத்தின் பாரம்பரிய மதுவாக அறிவித்தார்கள். கோளாறுகளும் உண்டு. நாட்டுச் சாராயம் என்ற வகையிலேயே நெடுங்காலம் வைத்திருந்ததால் பிற மாநிலங்களில் விற்பது பெரும்பாடாக இருந்தது. முந்திரிக்காடுகளைப் பகுதி பகுதியாக ஏலம் விடுவதால், சிறு வடிப்பாளர் ஏலதாரரின் தயவில் இருக்க வேண்டியிருக்கிறது. கொட்டைக்கு விலை இருக்கிறது, பழத்துக்கு ஆள் இல்லை. டன் டன்னாகப் பழம் காட்டிலேயே அழுகிப்போகிறது. இத்தனைக்கும் நடுவே, சொந்த நிலத்தில் சொந்த உலை வைத்து, உரிமத்தோடு, போலீஸுக்குப் பயப்படாமல் வடிக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வரும்.

பனையைப் பற்றிச் சொல்கிறேன். முந்திரிப் பழத்துக்காவது ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. பனஞ்சாறு அதைவிட அவசரம். பாளையைக் கடிப்பால் நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கிய நேரத்திலிருந்தே சொட்டும் சாறு நுரைக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர். தடவாவிட்டால் கள். காலையில் இறக்கிய கள் மறுநாள் புளிக்கும், அதற்கடுத்த நாள் காடியாகிவிடும். டேங்கரில் ஏற்றி நூறு கிலோமீட்டர் அனுப்பும் சரக்கு இது இல்லை. பனஞ்சாற்றை வடிக்க வேண்டுமென்றால் உலை பனங்காட்டுக்குப் பக்கத்தில், அன்றன்றைக்குக் கள் வந்து சேரும் தூரத்தில், அளவில் சிறியதாகத்தான் இருந்தாக வேண்டும். சிறு வடிசாலைக்கு இதைவிடப் பொருத்தமான மூலப்பொருள் இந்தியாவில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூடுதலாக ஒரு நன்மை, சர்க்கரைக்காகப் பழத்தை மிதிக்கவோ தானியத்தை முளைகட்டி அவிக்கவோ தேவையே இல்லை. மரமே சாறாகக் கொடுத்துவிடுகிறது.

கணக்கையும் பார்க்கலாம். நன்றாக நுரைத்த கள்ளில் சாராயம் 5 சதவீதம் அளவுக்கு இருக்கும். 100 லிட்டர் கள்ளில் 5 லிட்டர் தூய சாராயம். முன்வடியும் கடைவடியும் கழித்து, 42 சதவீத வீரியத்தில் ஏறக்குறைய 10 லிட்டர் பனஞ்சாராயம் கிடைக்கும். அதே 100 லிட்டரைப் பதனீராக இறக்கிக் காய்ச்சினால் 10 முதல் 12 கிலோ கருப்பட்டி. அந்தக் கருப்பட்டிக்கு எரிக்கும் விறகும், விடிலிப் புகையில் பெண்கள் நிற்கும் மணிக்கணக்கும் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூப்பனிப் பதம் வரும்வரை அம்மா துடுப்பை விட்டு நகரவே மாட்டார். அப்படிக் காய்ச்சிய கருப்பட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனால், பக்கத்துக் கடையில் சீனிப்பாகு ஊற்றிச் செய்த போலிக் கருப்பட்டி பாதி விலைக்கு விற்கும். உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் அதே கிண்டி அலுவலகம் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. போலி மட்டும் குறையவில்லை.

என் அண்ணன் பனை ஏறவில்லை. அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். பனையேற உதவும் திளாப்பும் அரிவாள்பெட்டியும் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் பயன்படுவதில்லை. எங்கள் தெருவில் ஏறத்தெரிந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள். பனையை மாநில மரம் என்கிறோம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஏற ஆள் இல்லாத பனையைச் செங்கல் சூளைக்காரர் கண்ணிலிருந்து எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள் இறக்கத் தடை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, அதற்குப் பிறகு எத்தனையோ முறை வந்தது, போனது, திரும்ப வந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே ஏற்று நடத்த ஆரம்பித்தது. இன்று அரசே மது விற்கிறது. விற்பது விரல்விட்டு எண்ணக்கூடிய தனியார் ஆலைகளின் சரக்கு. அது பெரும்பாலும் கரும்புக் கழிவுப் பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. மதுவே கூடாது என்று ஓர் அரசு சொன்னால் அதற்குத் தலைவணங்குவேன். ஆலைச் சாராயம் கூடும், பனங்கள் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களை நம்பித் திக்கத்தில் ஒரு பனஞ்சாராய வடிசாலையே எழுந்தது. அதை முடக்கியது போர். இங்கே முடக்கி வைத்திருப்பது சட்டம்.

நாட்டுச் சாராயம் என்றதும் கள்ளக்குறிச்சியை நினைக்காதவர்கள் இருக்க முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றியும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர். என் தொழில் சார்ந்து இதைப் பொறுப்போடு விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களைக் கொன்றது மெத்தனால். பெயின்ட், பிசின், ரசாயனத் தொழில்களுக்காகத் தயாரிக்கப்படும் மெத்தனால், திருட்டுச் சந்தை வழியாகப் பாக்கெட்டுக்குள் வந்தது. உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் நரம்பு போகும், பிறகு உயிர். கள் நுரைக்கும்போது இப்படிக் கொல்லும் அளவு மெத்தனால் உண்டாவதில்லை. பழத்தோலில் இருக்கும் பெக்டின்தான் மெத்தனாலுக்கு மூலம். பனஞ்சாற்றில் அது மிகச் சொற்பம். உரிமம் உள்ள வடிசாலையில் ஒவ்வொரு வடியையும் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஏற்றிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் அளவு தெரிந்துவிடும். நான் அன்றாடம் செய்வது அதைத்தான். பெயர் ஒட்டிய பாட்டில், பெயர் தெரிந்த வடிப்பாளர், சோதனைத் தாள் என்று இருக்கும் இடத்தில் மெத்தனால் புகுவது கடினம். ஒளித்து விற்கும் பாக்கெட்டில் புகுவது எளிது. தொழிற்சாலைச் சாராயத்தையும் ஒழுங்குபடுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மெத்தனாலின் போக்குவரத்தை இறுக்கிப் பிடிப்பதற்கு இனி எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

மெத்தனாலைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. என் சின்னம்மாவின் கணவர் குடித்தே செத்தார். அவர் குடித்தது கலப்படச் சரக்கு கிடையாது, சட்டப்படி வரி கட்டி விற்ற சரக்குதான். சின்னம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினால், இன்னொரு சாராயத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்பார். கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அதனால்தான் புதிய கடை ஒன்றுகூடத் திறக்கக் கூடாது என்று சொல்கிறேன். குடிக்கிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் எந்தத் திட்டத்துக்கும் நான் எதிரி. இப்போது விற்கும் ஆலைச் சரக்கின் அளவில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில்தான் பனஞ்சாராயம் வர வேண்டும். விலை மலிவாக இருக்கக் கூடாது. சிறு பாக்கெட்டில் வரவே கூடாது. ஏறுகிறவரின் கூலிக்கும் உழைப்புக்கும் அது மலிவாக இருக்கவும் முடியாது.

ஆக, நான் கேட்பது இதுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடியிலும் வேம்பாரிலும், ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலும் மூன்று ஆண்டுகளுக்குச் சோதனையாக மூன்று சிறு வடிசாலைகள். உரிமம் தனி ஆளுக்கோ கம்பெனிக்கோ வேண்டாம். பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கட்டும். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைத் தூசி தட்டினால் போதும். சுற்றுவட்டாரத்தில் இறக்கிய கள்ளைத் தவிர வேறெதையும் வடிக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு சொட்டு எரிசாராயம்கூட வளாகத்துக்குள் வரக் கூடாது. ஒவ்வொரு வடிக்கும் சோதனைத் தாள், பாட்டிலில் வடித்த ஊரின் பெயர், தேதி. கள் இறக்க வேண்டாம் என்பவர்கள் வழக்கம்போலச் சுண்ணாம்புக் கலயம் கட்டிப் பதனீர் இறக்கட்டும், அதற்குத் தடை எதுவும் வேண்டாம். ஏறுகிறவருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று பருவம் தொடங்கும் முன்பே விலை அறிவித்துவிட வேண்டும். பனையிலிருந்து விழுந்தவர்களின் குடும்பத்துக்கான காப்பீட்டை அந்த விலையிலேயே சேர்த்துவிடலாம். மூன்று ஆண்டு முடிவில் கெடுதலே மிஞ்சியது என்று தெரிந்தால் மூடிவிடட்டும். கோவாவில் உலை பிடித்து நடத்துவதை நேரில் கற்க யாராவது வந்தால், முன்வடியையும் கடைவடியையும் வெட்டக் கற்றுக்கொடுக்க எங்கள் முதியவரும் நானும் தயார்.

போன் செய்யும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். செம்புக் கொதிகலனை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பனஞ்சாற்றுக்குச் சிறு வடிசாலை உரிமம் என்று ஒன்று இன்றைக்கு இல்லவே இல்லை. மது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, சட்டமன்றம் நினைத்தால் திருத்தலாம். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் அவைக்கு வருகிறது. பனை உள்ள தொகுதியில் இருப்பவர்கள், அதற்கு முன்பே உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஊரில் இன்னும் எத்தனை பேர் பனை ஏறுகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.